அரியலூர்க் கல்லில் ஒரு சடைக்காரி

செப்டம்பர் 4, புதன்

சிமெண்ட் கம்பெனி ஒன்று புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாக ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இன்று எடுத்துத் தூசி தட்டி எழுத உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் ஒரு வேலையும் ஓடவில்லை, வேறு காரணம் கிடையாது.

அரியலூரிலிருந்து கல் வரவில்லை. அறவாழி சார் ஒரு புதன் விட்டு ஒரு புதன் கொண்டுவருவார். குவாரிச் சுவரில் அடியிலிருந்து மேல்வரை அடுக்கு அடுக்காகச் சுண்ணாம்புக்கல்லைப் பெயர்த்து, துணிப்பைகளில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி எடுத்துவருவது அவர் வேலை. புதுச்சேரியில் இந்த ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கல்லுக்கு வயது பார்ப்பது என் வேலை. இரண்டு வருஷமாக இப்படி ஓடுகிறது. முதல் ஆறு மாதம் கூரியரில்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு தானே சுமந்துகொண்டு வர ஆரம்பித்தார். கூரியர்காரன் பையை மாற்றிவிடுகிறான் என்று ஏதோ சொன்னதாக ஞாபகம்.

காலையில் அக்கா மார்த்தாவிடம் மதியச் சாப்பாட்டைக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டச் சொல்லியிருந்தேன். வஞ்சிரக் குழம்பு. எங்கள் திட்டத் தலைவர் பார்கவி மேடம் மீன் தொடமாட்டார். மிச்சத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். பாத்திரத்தைத் திறந்து பார்த்த மார்த்தா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளோடு நாலு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 5, வியாழன்

போன் செய்தார். குவாரிக்குள் மழைத்தண்ணீர் நின்றுவிட்டதாம். அடுத்த புதன் வருகிறார். கல்லை ஊறவைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஆர்டர் போட்டேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தலைக்குச் சாயம் பூசிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசுவதுதான் வழக்கம். பாட்டில் காலாவதியாகப் போகிறது, அதனால்.

செப்டம்பர் 11, புதன்

வந்தார். மதியத்துக்கு முன்பே வந்துவிட்டார். இரண்டு தோளிலும் பைகள், புருவம் வரைக்கும் வெள்ளைத்தூள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாரோ, பாவம்.

“இந்தத் தடவ உச்சி அடுக்குங்க மேடம்” என்று பைகளை மேஜையில் வைத்தார். “இதுக்கு மேல கல்லே கெடையாது. மண்ணுதான்.”

“இதுலயும் இல்லன்னா?”

“இதுல இல்லன்னா எதுலயும் இல்ல.”

நாங்கள் தேடுவது ஒரு பொடிசை. பழைய கடலில் மிதந்து திரிந்த, ஒரே ஒரு செல் கொண்ட உயிர்களின் ஓடுகளைத்தான் நான் பொடிசுகள் என்பேன். ரவையைவிடச் சிறியவை. செத்துக் கடலடிச் சேற்றில் விழுந்து, சேறு கல்லானபோது அதற்குள்ளேயே தங்கிவிட்டவை. ஒவ்வொரு வகையும் ஒரு காலத்தில் தோன்றி ஒரு காலத்தில் ஒழிந்துபோயிருக்கிறது. அதனால் கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாத வயதைப் பொடிசைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நாங்கள் தேடுகிறவளுக்கு முழ நீளத்தில் ஒரு லத்தீன் பெயர் இருக்கிறது. குட்டிக் குட்டி அறைகள் இடமும் வலமுமாக மாறி மாறி அடுக்கி, மேலே போகப் போக அகன்று, பார்க்கப் பின்னிய சடை மாதிரி இருப்பாள். நான் சடைக்காரி என்று கூப்பிடுவேன். அறவாழி சாரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்.

புதுச்சேரிக்கு வெளியே ஒரு கிணற்றில் எடுத்த சுண்ணாம்புக்கல்லில் சடைக்காரி மண்டிக் கிடக்கிறாள். அவள் கடலில் வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். ஆக, எந்த ஊர்க் கல்லில் அவள் இருந்தாலும் அந்தக் கல் அந்தக் கொஞ்ச காலத்தது. அரியலூரிலும் ஒருத்தி கிடைத்துவிட்டால், இரண்டு ஊர்க் கல்லும் ஒரே சமயத்தில் படிந்தவை என்று எழுதலாம். எழுதினால் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் வரும், இன்னும் மூன்று வருஷம் ஓடும். கிடைக்காவிட்டால் இந்த வருஷத்தோடு கடையைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு நிரந்தர வேலை, வேறு கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் ஒப்பந்தத்தில் இருப்பவர்.

சாப்பிடும்போது சொன்னார். மஸ்கட்டில் ஒரு குவாரிக்குக் கூப்பிடுகிறார்களாம். பதில் சொல்ல அக்டோபர் வரை அவகாசம் கேட்டிருக்கிறாராம்.

“நல்ல எடம்தானே சார்” என்றேன்.

“எடம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டாங்கட்டம் வந்துட்டா நான் எங்கயும் போகலங்க.” என்னைப் பார்க்கவில்லை. மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார். “இனிமே உங்க கையிலதான் இருக்கு.”

“என் கையில ஒண்ணும் இல்ல. கல்லுல இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல.”

நான் வாயைத் திறந்தாலே இப்படித்தான். வாய் அதிகம் என்று சொல்லித்தான் அந்தக் காலத்தில் இரண்டு வரன்கள் தட்டிப்போயின. சொல்ல வேண்டிய இடத்தில் அதே வாய் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் மார்த்தா கேட்டாள். “அந்த அரியலூர்காருக்கு இன்னா வயசு இருக்கும்?”

“கல்லுக்குத்தான் வயசு பாப்பேன். ஆளுக்குப் பாக்கறதில்ல.”

“பொண்டாட்டி செத்து எவ்ளோ நாளாச்சாம்?”

“எட்டு வருஷம்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா கறிக்கடைப் பக்கம் திரும்பிவிட்டாள். வீடு வரும்வரை அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு அப்படியொரு சிரிப்பு தேவையில்லை.

செப்டம்பர் 25, புதன்

இன்று பை இல்லாமல் வந்தார். உச்சி அடுக்கோடு குவாரி வேலை முடிந்துவிட்டது. குவாரிச் சுவரின் வரைபடத்தைக் கொடுக்க வந்தேன் என்றார். மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். நான் அதைச் சொல்லவில்லை. நல்ல வேளை.

ஒப்பிட்டுப் பார்க்கப் புதுச்சேரிக் கிணற்றுக் கல்லை இன்னொரு முறை அலசிக்கொண்டிருந்தேன். ஊறிக் குழைந்த கல்லைச் சல்லடையில் கொட்டிக் குழாயடியில் பிடித்தால், சேறு ஓடிவிடும், பொடிசுகள் தங்கும். சல்லடையின் ஒரு பக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார். எனக்கு உதவி தேவையில்லைதான். இத்தனை வருஷம் தனியாகத்தான் பிடித்திருக்கிறேன்.

“ஒங்க விரல் ஏன் எப்பவும் நீலமா இருக்கு? பேனா ஒழுகுதுன்னு நெனச்சுட்டிருந்தேன்.”

ரொம்ப நாளாக என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நீலச் சாயத் தொட்டியைக் காட்டினேன். ஒரு கல்லை அலசி முடித்தால் சல்லடையை பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, அந்தச் சாயத்தில் முக்கி எடுக்க வேண்டும். என்னதான் தேய்த்தாலும் ஓட்டைகளில் ஒன்றிரண்டு பொடிசு ஒட்டிக்கொண்டிருக்கும். அவை நீலமாகிவிடும். அடுத்த கல்லை அலசும்போது நீலமாக ஏதாவது வந்தால், அது பழைய கல்லின் மிச்சம் என்று தெரிந்துகொண்டு தூக்கிப் போட்டுவிடலாம். எங்கள் தொழிலில் கல் மாறிப்போவதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

அப்புறம் பேச்சு எங்கெங்கோ போயிற்று. ஓசூரில் வேலை பார்க்கும் மகளைப் பற்றி, அவள் கல்யாணத்தில் ஐஸ்கிரீம் தீர்ந்துபோனதைப் பற்றி. பிறகு குவாரியைப் பற்றிச் சொன்னார்.

“சாயங்காலம் லாரியெல்லாம் போயிடுங்க. அந்த வெள்ளச் சுவத்துல கடைசி வெயில் வந்து விழும். யார்கிட்டயாவது காட்டணும்னு இருக்கும். திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இருக்கமாட்டாங்க.”

நான் குழாயை மூடிவிட்டேன், தண்ணீர்ச் சத்தத்தில் அவர் குரல் அமுங்கக் கூடாது என்று. வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் நேரம் தெரிந்தது. அவசரமாகச் சல்லடையைச் சாயத்தில் முக்கி, கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினோம். பஸ் நிலையம் வரை நடந்தே போனோம். எனக்கு வீடு எதிர்ப்பக்கம்.

செப்டம்பர் 26, வியாழன்

அரியலூர் உச்சி அடுக்கை அலசினேன். காயவைத்திருக்கிறேன். மார்த்தாவுக்குத் தையல் மெஷின் பெல்ட் வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

பொறுக்குகிறேன். ஒரு சிட்டிகைத் தூளைத் தட்டில் தூவி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். உருண்டைக்காரிகள் இருக்கிறார்கள், சங்குக்காரிகள் இருக்கிறார்கள். சடைக்காரி இல்லை.

அக்டோபர் 3, வியாழன்

இல்லை. ஒவ்வொரு தட்டையும் வைக்கும்போது, இதில் இரு என்று கேட்கிறேன். கோயிலில்கூட நான் இப்படிக் கெஞ்சியதில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

இருந்தாள்.

மதியம் தூவிய தட்டில், ஒரு மூலையில், வெள்ளை வெளேரென்று மல்லாந்து கிடந்தாள். அறைகள், வரிகள், எல்லாம் துல்லியம். முதலில் போனைத்தான் எடுத்தேன். அரியலூருக்குச் சொல்ல வேண்டும், பார்கவி மேடத்துக்குக்கூட அப்புறம்தான். அதற்குமுன் ஒரு தரம் முழுசாகப் பார்த்துவிடலாம் என்று தூரிகையால் புரட்டினேன்.

முதுகு நீலம்.

போனைக் கீழே வைத்தேன். இவள் அரியலூர்க்காரி இல்லை. அன்று சாயங்காலம் நான் தேய்க்காமல் விட்ட சல்லடையில் ஒட்டிக்கொண்டிருந்த புதுச்சேரிக்காரி. ஓட்டையில் அடைந்திருந்த பக்கத்தில் மட்டும் சாயம் ஏறவில்லை போல. இத்தனை வருஷ வேலையில் சல்லடையைத் தேய்க்காமல் விட்டது அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாள்தான் நான் சந்தோஷமாகவும் இருந்தேன்.

தூக்கிப் போடவில்லை. ஒரு சின்னக் குழித்தட்டில் எடுத்து மூடி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 5, சனி

யாரிடமும் சொல்லவில்லை. மிச்சத் தூளையும் பொறுக்கி முடித்தேன். வேறு சடைக்காரி இல்லை.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுக்க, பொடிசை ஒரு உலோகக் குமிழில் ஒட்டி, மேலே தங்கம் பூசுவார்கள். ஒட்டுகிற பக்கம் கீழே போய்விடும். படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். இது எனக்கு எப்போதும் தெரிந்த விஷயம்தான். இன்றைக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

தெரியும்.

அக்டோபர் 7, திங்கள்

ஒட்டினேன். முதுகு கீழே.

படம் அற்புதமாக வந்தது. நான் எடுத்ததிலேயே அழகான படம். கம்ப்யூட்டர் திரையில் உள்ளங்கை அகலத்துக்குச் சடைக்காரி. பார்கவி மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.

“உச்சி அடுக்கா?”

“அந்தத் தட்டுலதான் இருந்தது மேடம்.” பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்கு வசதியான பதில்.

“ஒண்ணு போதும் செலின். ஒண்ணே ஒண்ணு. மீதியை செகண்ட் ஃபேஸ்ல தேடிக்கலாம்.” என் தோளைத் தட்டினார். அடுத்த வாரம் சென்னையில் மதிப்பாய்வுக் கூட்டம். படத்தை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடப்போகிறாராம்.

இரவு என் பங்குச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

மேடம் அவருக்குச் சொல்லிவிட்டார். காலையில் போன் வந்தது.

“செலின் மேடம், கெடச்சுட்டாளாமே.” அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. “நாளைக்கு வர்றேன். வந்து ஒங்க எதிர்லயே மஸ்கட்டுக்கு வேணாம்னு எழுதி அனுப்பிடறேன். போதுங்க, இனிமே நான் எங்க போறது.”

வாங்க என்று மட்டும் சொன்னேன்.

நான் நினைத்தது ஒரு படம், ஒரு அறிக்கை, அவ்வளவுதான். ஆனால் அவர் ஒரு வேலையை விடப்போகிறார். நீல முதுகுக்காரி ஒருத்தியை நம்பி. இரண்டாம் கட்டம் ஆரம்பித்துப் புதிதாகக் கல் எடுத்து, எதிலும் அவள் இல்லை என்று தெரியும்போது, அவர் என் முன்னால் உட்கார்ந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருப்பார். நான் அந்த முகத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

அவர் இருக்க வேண்டும். இதை மழுப்பி எழுதுவதில் அர்த்தமில்லை. ஒரு புதன் விட்டு ஒரு புதன் இல்லை, எல்லா நாளும் இருக்க வேண்டும். அதை என் வாயால் சொல்ல முடியாமல், செத்துப்போன ஒரு பொடிசை விட்டுச் சொல்லவைக்கப் பார்த்தேன்.

அக்டோபர் 9, புதன்

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஜெயங்கொண்டம் முந்திரி ஒரு பொட்டலம். மேடம் இல்லாத நேரமாகப் பார்த்து நுண்ணோக்கி அறைக்குக் கூட்டிப்போனேன். திரையில் படத்தைப் போட்டேன். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதோட முதுகு நீலம் சார்.”

ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்துவிட்டது.

“படத்துல ஒண்ணும் தெரியலையே.”

“தெரியாது. தெரியாதபடிக்குத்தான் ஒட்டினேன். மேல தங்கம் பூசியாச்சு. இனிமே நான் சொன்னாத்தான் உண்டு.”

நாற்காலியில் உட்கார்ந்தார். “கெணத்துக் கல்லு அலசினோமே, அன்னைக்கா?”

“ஆமா.”

“நான் பேசிக்கிட்டே இருந்துட்டேன்.”

“நானும்தான். தேய்க்க வேண்டியவ நான்.”

“பார்கவி மேடத்துக்குச் சொல்லிட்டீங்களா?”

“மொதல்ல உங்ககிட்ட. நீங்க மஸ்கட்டுக்கு எழுதிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதே.”

போனை எடுத்தார். வரும்போதே பஸ்ஸில் கடிதத்தை அடித்து வைத்திருந்தாராம், இங்கே வந்து அனுப்பத்தான் பாக்கி. என் முன்னால் வைத்தே அதை அழித்தார். ஒரேயடியாக அழிக்கத் தெரியவில்லை போல. ஒவ்வொரு எழுத்தாகப் போயிற்று. நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

“நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி சொன்னார்.

அந்த இடத்தில்தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கல் கிடக்கட்டும், நீங்கள் இருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். “முந்திரிக்கு ரொம்ப தேங்க்ஸ் சார்” என்றேன்.

அக்டோபர் 10, வியாழன்

மேடத்திடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. படத்தை அறிக்கையிலிருந்து எடுத்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நேத்து வேலைக்குச் சேர்ந்த பொண்ணு இதைப் பண்ணியிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நீ ஏன் செலின்?”

அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை. ஒருவேளை அவருக்கும் தெரியும். இந்தக் கட்டடத்தில் தெரியாதவர் வாட்ச்மேன் மட்டும்தான் போலிருக்கிறது.

உச்சி அடுக்கில் மிச்சமிருந்த கல்லை உடைத்து மறுபடி ஊறவைத்திருக்கிறேன். சல்லடையைத் தேய்த்த தேய்ப்பில் பிரஷ் முடி உதிர்ந்துவிட்டது.

அக்டோபர் 16, புதன்

இல்லை. ஒருத்தியும் இல்லை. முழுத் தூளையும் பார்த்தாகிவிட்டது.

அறிக்கையை எழுதி முடித்தேன். அரியலூர்க் கல் மூத்தது, புதுச்சேரிக் கல் இளையது. இங்கே சடைக்காரி பிறந்து மிதந்துகொண்டிருந்த காலத்தில், அங்கே அந்த உச்சி அடுக்கு எப்போதோ படிந்து முடிந்திருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. கடைசி வாக்கியத்தை அறிக்கையில் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: “சரியா எழுதியிருக்க.”

அக்டோபர் 22, செவ்வாய்

இரண்டாம் கட்டம் இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. அவருக்கும் நகல் போயிருக்கும்.

அக்டோபர் 23, புதன்

கூடுதல் சாப்பாடு வேண்டாம் என்று மார்த்தாவிடம் சொன்னேன். கட்டிவிட்டாள். வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி கொளுத்தினோம். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. மார்த்தா முந்தானையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியே பேச ஆரம்பித்தாள்.

“அவரு எப்ப மஸ்கட்டுக்குக் கெளம்பறாராம்?”

“பதிமூணாந்தேதி.”

“நீ இன்னா சொன்ன?”

“நான் என்ன சொல்றது?”

அக்காவின் கணவர் கல்யாணமான மறு வருஷம் பிரான்சுக்குப் போனவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார், பென்ஷன் வாங்கினார், அங்கேயே தங்கிவிட்டார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரும், சில வருஷம் வராது. அவள் அதைப் பற்றிப் பேசுவதே கிடையாது. இன்று பேசினாள்.

“அவரு ப்ளேன் ஏறும்போது நான் ஒண்ணும் சொல்லல. போய்ட்டு வாங்கன்னு சிரிச்சுகினே நின்னன். நல்ல பொண்ணாட்டம். போவாதன்னு சொல்லியிருந்தா மட்டும் நின்னிருக்கப் போறாரா? நின்னிருக்க மாட்டாரு. ஆனா நான் சொன்னன்னு எனக்கு இருந்திருக்கும்.” மெழுகுவத்தி மறுபடி அணைந்தது. “எனக்கு அதுகூட இல்ல செலினு.”

அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சுற்றிலும் கூட்டம். தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 13, புதன்

மதியம் போன் வந்தது. பஸ் நிலையத்தில் நிற்கிறாராம், சென்னைக்குப் போகிற வழியில். அரியலூரிலிருந்து சென்னைக்குப் புதுச்சேரி வழி இல்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

ஒரு பெட்டி, ஒரு கைப்பை. புதுச் செருப்பு, நடக்கச் சிரமப்பட்டார். வாங்கிக் கொடுத்தது மகளாம். டீ குடித்தோம். விமானம் நள்ளிரவுக்குமேல் என்றார். அங்கே குளிரா வெயிலா என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து வயது நூறுக்குப் பக்கம். பேசிய பேச்சு இவ்வளவுதான்.

சென்னை வண்டி வந்து நின்றது. கண்டக்டர் கதவைத் தட்டித் தட்டி ஊர்ப் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அறவாழி சார் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். “அப்ப வரட்டுங்களா மேடம்” என்றார்.

“போகாதீங்க” என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இல்லை. இத்தனை வருஷம் வெட்கப்பட்டுக் கண்டது ஒன்றுமில்லை.

அவர் அப்படியே நின்றார். “டிக்கெட், விசா எல்லாம் வந்துருச்சு செலின்.” முதல் தடவையாக ‘மேடம்’ சேர்க்கவில்லை. “கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். ரெண்டு வருஷம்.”

“தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்.”

“இத அன்னைக்கே…”

“அன்னைக்கு வரல. இன்னைக்குத்தான் வந்தது.”

அவர் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்ததும் அறவாழி சார் ஏறினார். படிக்கட்டிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தவரைக் கண்டக்டர் உள்ளே இழுத்துவிட்டார். வண்டி திரும்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மார்த்தாவிடம் சொன்னேன், சொல்லிவிட்டேன் என்று. என்ன சொன்னாய் என்று அவள் கேட்கவில்லை. என் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அழுதேன்.

நவம்பர் 14, வியாழன்

வேலைக்குப் போனேன். ஆறரைக் கோடி வருஷத்தை எழுதும்போது அஞ்சு லட்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்று கூசாமல் போடுகிறவள் நான். இரண்டு வருஷம் என்பது எவ்வளவு என்று எனக்கு விளங்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து மார்த்தா மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, தெரியாத நம்பர், நீளமாக.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாராம். அறையில் இன்னும் மூன்று பேர். சாப்பாடு பரவாயில்லை. வெயில்தான், விசாரித்துவிட்டாராம். நானும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். பிறகு அவர் மூச்சு விடுவது கேட்டது.

“அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு சொன்னீங்களே” என்றார். “அத இன்னொரு தடவ சொல்றீங்களா?”

“இனிமே எதுக்கு? அதான் போயாச்சே.”

“கேக்கணும்போல இருக்கு.”

மார்த்தா மிக்ஸியை நிறுத்திவிட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

“போகாதீங்க” என்றேன், கடலுக்கு அந்தப் பக்கம் போயேவிட்டவரிடம்.

வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“இன்னொரு தடவ” என்றார்.

சொன்னேன்.